ஜமேதார் வேதாசலத்தின் வாய்ப்பூட்டு

வேதாசலத்துக்கு ஜமேதார் பதவி கிடைத்தது வீரத்துக்காக அல்ல, சத்தத்துக்காக.

பர்மா யுத்தத்தில் அவருடைய பட்டாளம் ஓர் ஆற்றின்மேல் பாலம் போட்டுக்கொண்டிருந்தது. விடாத மழை. ஒலிபெருக்கி நனைந்து ஊமையாகிவிட்டது. இந்தக் கரையில் துரை கொடுத்த உத்தரவு அந்தக் கரைக்குப் போய்ச் சேரவில்லை. அப்போது ஹவில்தாராக இருந்த வேதாசலம் ஒரு பாறைமேல் ஏறி நின்று, "இழு" என்று ஒரு குரல் கொடுத்தார். அக்கரையில் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் இழுத்தார்கள். அவர்களுக்கும் அப்பால், காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த வேறொரு பட்டாளத்தாரும் கையில் இருந்ததைப் பிடித்து இழுத்தார்களாம். யுத்தம் முடிந்து பெங்களூர் முகாமுக்குத் திரும்பியபோது வேதாசலத்தின் தோளில் நட்சத்திரம் மின்னியது.

அந்த நட்சத்திரத்தைத் தோளில் ஏற்றிய தொண்டையே ஒருநாள் அதைப் பிடுங்கியெறியவும் கிளம்பும் என்று அந்த அப்பாவி மனிதருக்கு யார் சொல்வது?

கே.ஜி.கண்டிகையில் வேர்க்கடலை போடும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மழை இரண்டு வருஷம் ஏமாற்றிய பிறகு, நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு அரக்கோணம் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். பள்ளிப்பட்டு ரஞ்சிதத்தைக் கல்யாணம் செய்து, திருத்தணி கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் குடிவைத்தார். குடிவைத்தார் என்றுதான் சொல்ல முடியும், குடித்தனம் செய்தார் என்று சொல்ல முடியாது. வருஷத்தில் பத்து மாதம் அவள் தனிமரம். குழந்தை குட்டியும் இல்லை. ஊரில் எல்லோரும் அவளை "ஜமேதாரம்மா" என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லைத்தான் அவள் புருஷனாகவும் பிள்ளையாகவும் வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். ரஞ்சிதம் மெதுவாகத்தான் பேசுவாள். ஆனால் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். அவருக்கு சத்தம், அவளுக்கு நீளம். அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

சுதந்திரம் வந்த பிறகு இரண்டாவது பொங்கல். லீவில் வந்திருந்த வேதாசலத்தை ரேஷன் கடைக்கு அழைத்துப் போனாள் ரஞ்சிதம். காக்கி உடுப்போடுதான் வர வேண்டும் என்று அவளே பிடிவாதம் பிடித்தாள். கடைத்தெருப் பெண்கள் பார்க்க வேண்டாமா? அங்கே அளந்து போட்ட அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்தார் ஜமேதார். அவ்வளவுதான், பர்மா ஆற்றங்கரைக் குரல் வெளியே வந்துவிட்டது.

"இத எங்க பட்டாளத்துக் கோவேறு கழுதைக்குப் போட்டிருந்தா, அது அன்னைக்கே எதிரி பக்கம் போய்ச் சேந்திருக்கும். இத ஜனங்களுக்குப் போடற கமிட்டித் தலைவர ஒரு மாசம் இதையே துன்ன வெக்கணும். அவுருக்கு மேல இருக்கற மந்திரிங்களுக்கும் ஆளுக்கு ஒரு மூட்ட அனுப்பணும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த தெருவில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ரயிலுக்குக் காத்திருந்த ஒரு பத்திரிகை நிருபர் மட்டும் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். "மந்திரிகளுக்கு ராணுவ ஜமேதார் எச்சரிக்கை" என்று இரண்டாம் நாள் சென்னைப் பேப்பரில் வந்தது.

பெங்களூர் திரும்பியதும் கர்னல் கூப்பிட்டனுப்பினார். பஞ்சாப்காரர். நல்ல மனிதர், மீசைதான் பயமுறுத்தும்.

"நீ சொன்னது பொய்யா?" என்று கேட்டார்.

"இல்லை சாகிப். நாற்றம் உண்மை."

"அரிசி நாறினால் வேதாசலம் சொல்லலாம். ஜமேதார் சொல்லக் கூடாது."

"இரண்டும் நான்தானே சாகிப்."

"அதுதான் தொந்தரவு. லீவில் ஒருவனை அனுப்பிவிட்டு இன்னொருவனை இங்கே நிறுத்திவைக்க முடியவில்லை." கர்னல் மேஜையில் விரலால் தட்டினார். "கேள். மந்திரி தப்புச் செய்தால் ஜனங்கள் ஓட்டுப் போட்டு இறக்குவார்கள். படைக்காரன் சந்தையில் நின்று மந்திரியைத் திட்டினால், நாளைக்கு அவனே அந்த நாற்காலியில் போய் உட்காருவான். அப்புறம் அவனை இறக்க ஜனங்களிடம் என்ன இருக்கிறது? துப்பாக்கி வைத்திருப்பவன் பேசினால் அது மிரட்டலாகத்தான் கேட்கும்."

"லீவில் எனக்குத் துப்பாக்கி கொடுப்பதில்லையே சாகிப்."

"உன் தொண்டை போதும். குறை இருந்தால் என்னிடம் சொல், நான் மேலே எழுதுகிறேன். வெளியே பேசாதே. திட்டிப் பேசாதே, புகழ்ந்தும் பேசாதே. இன்னொரு தடவை அரசியலோடு சேர்ந்து உன் பெயர் பேப்பரில் வந்தால் நட்சத்திரம் போகும், பட்டாளமும் போகும்."

இந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து ரஞ்சிதத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால், நட்சத்திரம் இல்லாத வெறும் தோளோடு புருஷன் ரயிலை விட்டு இறங்குவது தெரிந்தது. ஜமேதாரம்மா என்று இனி யார் கூப்பிடுவார்கள்?

ஆடிக் கிருத்திகைக்கு லீவு கிடைத்து ஜமேதார் மறுபடியும் வந்து சேர்ந்தார். வந்த மறுநாளே வாசலில் ஆதிகேசவன் நின்றார். தாலுகா உணவுக் கமிட்டித் தலைவர் அவர்தான். பொங்கலுக்குப் பிறகு பாவம், அவரால் கடைத்தெருவில் நிம்மதியாக நடக்க முடியவில்லை. எங்கிருந்தாவது யாராவது கழுதை மாதிரி கத்துகிறார்கள்.

"ஜமேதாரே, கிருத்திகை அன்னைக்கு அடிவாரத்துல கூட்டம் வெச்சிருக்கேன். எம்.எல்.ஏ. வர்றாரு. நீங்க மேடையில குந்தணும்."

"நான் வரக்கூடாதுங்க. ரூலு இருக்குது."

"ரூலு திட்றவனுக்குத்தான். நீங்க நல்லபடியா நாலு வார்த்த சொல்லுங்க. அரிசி இப்போ தேவலைன்னு."

"தேவலையா?"

ஆதிகேசவன் கூரையைப் பார்த்தார். "அதிகாரி வந்து பாத்துட்டுப் போனாரு."

"புகழ்ந்தும் பேசக்கூடாதுன்னு கர்னல் சொல்லிட்டாருங்க."

"புகழ்ந்தா யாருங்க புகார் குடுப்பாங்க? அதுவே நீங்க மேடைக்கு வரலைன்னா, ஜமேதாரு இன்னும் சர்க்கார் மேல கோவமா கீறாருன்னு நான் பெங்களூருக்கு எழுத வேண்டி வரும். அந்தக் கஷ்டத்த எனக்குக் குடுக்காதீங்க." வெற்றிலைச் சாற்றை வாசலில் துப்பிவிட்டு ஆதிகேசவன் போய்விட்டார்.

போனாலும் வேலை போகும், போகாவிட்டாலும் போகும். ஆற்றின் இரண்டு கரையிலும் எதிரி. பாலம் கட்டத் தெரிந்த அந்த மனிதருக்கு இங்கே பாலம் கட்ட வழி தெரியவில்லை.

வழி தெரிந்தது ரஞ்சிதத்துக்குத்தான்.

"நீங்க காவடி எடுங்க. வாய்ப்பூட்டுப் போட்டுக்கினு எடுங்க. நான் அப்பவே நேந்துகினேன்."

திருத்தணிக்குக் காவடி எடுப்பவர்களில் சிலர் அப்படி வேண்டிக்கொள்வது உண்டு. அடிவாரத்தில் குளத்தில் முழுகியதும் பூசாரி ஒரு மெல்லிய வெள்ளி ஊசியைக் கன்னத்தில் கோத்து, வாய்க்கு நேரே பூட்டுப் போன்ற சின்ன வெள்ளித் தகடு ஒன்றைப் பொருத்துவார். அதன்மேல் மஞ்சள் துணி கட்டுவார்கள். மலையேறி சாமி எதிரில் அதைக் கழற்றும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் நேர்த்தி கெட்டு, குடும்பத்துக்கு ஆகாது.

ரஞ்சிதத்தின் தம்பி தேசப்பன் அப்போது அங்கே இருந்தான். அக்கா புருஷன் அவனுக்குப் பாவா. "பாவாவுக்குப் பூட்டா? சின்னப் பூட்டு தாங்காதுக்கா. கோயில் கதவுக்குப் போடறது மாதிரி செய்யச் சொல்லணும்."

"நீ வாயை மூடு," என்றாள் அக்கா. புருஷன் பக்கம் திரும்பினாள். "மேடையில குந்துங்க. ஆதிகேசவன் எழுத முடியாது. வாயே தொறக்க முடியாது, கர்னலும் கேக்க முடியாது. முருகனுக்கும் ஆச்சு."

"சிப்பாயி இப்பிடி ஒளிஞ்சிக்கலாமா ரஞ்சிதம்?"

"சாமிக்கு நேந்துகினா அது ஒளியறது இல்ல."

ஜமேதார் யோசித்தார். பர்மாவில் எந்தத் துரையும் இவ்வளவு சுத்தமாகத் திட்டம் போட்டதில்லை என்று தோன்றியது. ஒப்புக்கொண்டார். பூட்டிய அந்த வாய் மேடைமேல், மேடைக்குக் கீழே இருக்கும் ஜனங்களின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

கிருத்திகையன்று அடிவாரம் முழுவதும் காவடியும் மஞ்சள் துணியும்தான். குளத்தில் முழுகி, பூட்டுப் போட்டு, பூக்காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஜமேதார் வந்தார். பின்னால் பால்குடத்தோடு ரஞ்சிதம். ஆதிகேசவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஜனங்கள் பார்க்கிறார்கள். கையைப் பிடித்து மேடையேற்றி, எம்.எல்.ஏ.வுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். காவடியைத் தேசப்பன் வாங்கிக்கொண்டான்.

எம்.எல்.ஏ. சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்தவர். பேச வேண்டியதை ரயிலிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார், எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பெரியோர்களே, தாய்மார்களே, தில்லியில் நமக்காகப் புதிய சட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதில் குடிமக்கள் எல்லோருக்கும் பேச்சுச் சுதந்திரம் உண்டு. வெள்ளைக்காரன் நம் வாயைப் பூட்டி வைத்திருந்தான். இனிமேல் இந்த நாட்டில் யார் வாயையும் யாரும் பூட்ட முடியாது."

ஜனங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்த்தார்கள். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். மறுபடியும் எம்.எல்.ஏ.வைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது கழுத ஜமேதாருதானே?"

"ஆங், அவரேதான். வாயைப் பூட்டிட்டாங்கப்பா."

"யாரு போட்டது?"

"கமிட்டிதான். வேற யாரு?"

"சாவி?"

"ஆதிகேசவன் இடுப்புல பாரு, தொங்கிகினு கீது."

ஆதிகேசவன் தன்னை அறியாமல் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். தகரக் கூரைமேல் மழை பிடித்ததுபோல சிரிப்பு பரவியது. தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று நினைத்த எம்.எல்.ஏ. உற்சாகமாக அடுத்த பகுதிக்குப் போனார். "ரேஷன் அரிசியைப் பற்றிச் சிலர் புரளி கிளப்பினார்கள். இப்போது அரிசி முதல் தரம். இதோ, நம் ஜமேதாரே அதற்குச் சாட்சி."

என்னை இதில் இழுக்காதீர்கள் என்று சொல்வதற்காக வேதாசலம் பதறித் தலையை ஆட்டினார்.

"இல்லைங்கறாரு, இல்லைங்கறாரு," என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

கழுத்தை விறைப்பாக நிறுத்திக்கொண்டு, அமைதியாக இருங்கள் என்று ஜனங்களைப் பார்த்துக் கை கூப்பினார். "பாவம், எம்.எல்.ஏ.வ மன்னிச்சு வுட்டுடச் சொல்றாரு" என்றார் ஒருவர். வேறு வழி தெரியாமல், தான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று காட்ட எழுந்து விறைப்பாக அட்டென்ஷனில் நின்றார். உட்கார்ந்திருந்த கூட்டம் முழுவதும் எழுந்து அவரைப் போலவே நின்றது. "அரோகரா" என்றான் காவடியோடு நின்ற தேசப்பன், தெய்வ பக்தியால். அந்தக் கோஷம் அடிவாரம் முழுவதும் எழுந்து மலையில் மோதித் திரும்பி வந்தது.

பொங்கலுக்கு ஒரு கடைத்தெருவைத்தான் அவர் குரல் எட்டியது. இன்றைக்கு அவர் பேசாமலிருந்தது தாலுகா முழுவதையும் எட்டிவிட்டது. மேடைக்குக் கீழே அதே நிருபர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

பூட்டைப் பிடுங்கிவிட்டு வாயைத் திறந்து, "ஐயா, இது எதிர்ப்பு இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை பிழைக்கும். ஆனால் சாமிக்கு நேர்ந்தது கெடும். சொல்லாவிட்டால் நாளைக்குப் பேப்பரில் வரும், நாளன்றைக்கு நட்சத்திரம் போகும். குண்டு மழையில் கலங்காத அந்தக் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்து மஞ்சள் துணியை நனைத்தது. நிருபர் அதையும் எழுதிக்கொண்டார்.

ரஞ்சிதம் பால்குடத்தை இறக்கிப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தாள். மேடையேறினாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

"எல்லாருக்கும் கும்பிடறேங்க. இந்தப் பூட்ட போடச் சொன்னது நானு. கமிட்டியும் இல்ல, கவர்மெண்டும் இல்ல. இவுரு பட்டாளத்துல கீறாரு. பேசினா வேல போயிடும்னு நான்தான் முருகனுக்கு நேந்துகினேன். இவுரு தலைய ஆட்டினதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. கன்னம் வலிக்குது, அதான்."

கூட்டம் அடங்கியது. கொஞ்சம் ஏமாற்றமும்கூட. ஜமேதார் மூச்சு விட்டார். ரஞ்சிதம் இறங்கியிருப்பாள். அந்தப் பாழாய்ப்போன நிருபர் கேட்டார்: "அப்போ அரிசி நல்லா இருக்குன்னு எழுதிக்கலாமாம்மா?"

ரஞ்சிதம் நின்றாள்.

"அத இவர ஏன் கேக்கறீங்க? வருசத்துல ரெண்டு மாசம் வந்து துன்னுட்டுப் போறவரு. தெனம் பொங்கறது நானு. என்னக் கேளுங்க."

வேதாசலம் "ம்ம்ம், ம்ம்ம்" என்று மூக்கால் தடுத்துப் பார்த்தார்.

"ஆமாங்கறாரு," என்றது கூட்டம்.

அவள் சத்தம் போடவில்லை. வழக்கம்போல மெதுவாக ஆரம்பித்தாள். அதனால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். எத்தனை தண்ணீர் விட்டுக் களைந்தாலும் அந்த அரிசியின் நாற்றம் போகாததைச் சொன்னாள். எலுமிச்சை இலை போட்டு வேகவைத்ததைச் சொன்னாள். அளக்கும்போது படியைச் சாய்க்கிற கையின் சாமர்த்தியத்தைச் சொன்னாள். பக்கத்து வீட்டில் பிரசவித்த பெண்ணுக்கு அந்தக் கஞ்சியைக் கொடுக்க மனசு வராமல் கேழ்வரகு கேட்டு வீடு வீடாக அலைந்ததைச் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. அங்கிருந்த தாய்மார்களின் முந்தானைகள் கண்ணுக்குப் போயின.

கடைசியில் ஆதிகேசவனைப் பார்த்தாள். "அண்ணே, உங்க வூட்டு வடிகஞ்சி எங்க தெருக் கால்வாயிலதான் வருது. வாசனையா கீது. அது எந்தக் கட அரிசின்னு சொன்னீங்கன்னா நாங்களும் அங்கியே போய் வாங்கிக்குவோம்."

அதற்குப் பிறகு கூட்டம் நடக்கவில்லை. எம்.எல்.ஏ. வந்தது காலை ரயில். போனது கிடைத்த ரயில்.

மலை உச்சியில் பூசாரி பூட்டைக் கழற்றினார். நிருபர் அங்கேயும் மூச்சிறைக்க வந்து நின்றார். "ஜமேதார், ஒரு வார்த்தை." வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு வேதாசலம் சொன்ன ஒரே வார்த்தை, "தண்ணி."

"மலையில் குடிதண்ணீர் வசதி இல்லை: ஜமேதார் வேதனை" என்று வந்தது மறுநாள். பக்கத்திலேயே ரஞ்சிதத்தின் பேச்சு, இரண்டு பத்தி நீளத்துக்கு.

தந்தி வந்தது. லீவு ரத்து. கணவனை ரயிலேற்றிவிட்டு ரஞ்சிதம் பிளாட்பாரத்தில் நெடுநேரம் நின்றாள். தான் காப்பாற்றப் போய்க் கெடுத்துவிட்டோமே என்ற நெருப்பு அவள் நெஞ்சில் எரிந்தது. திரும்பி வருகிறவர் என்ன கோலத்தில் வருவாரோ?

பெங்களூரில் கர்னல் மேஜைமேல் பேப்பரும் இருந்தது, ஆதிகேசவனின் புகாரும் இருந்தது.

"தலையை ஆட்டினாயா?"

"ஆட்டினேன் சாகிப்."

"எப்படி? ஆட்டிக் காட்டு."

வேதாசலம் காட்டினார். கர்னல் பார்த்தார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். அது ஆமாவா இல்லையா என்று பஞ்சாப்காரருக்குப் பிடிபடவில்லை. இரண்டு தமிழ் சுபேதார்களைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவர் ஆமாம் என்றார், மற்றவர் இல்லை என்றார். கர்னல் அவர்களை அனுப்பிவிட்டார்.

"தண்ணீர் பற்றி?"

"தாகம் சாகிப்."

"உன் மனைவி பேசியது நீ சொல்லிக்கொடுத்ததா?"

"சாகிப், என் வீட்டில் எனக்குப் பேசவே வாய்ப்புக் கிடைப்பதில்லை."

கர்னல் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மீசை மட்டும் இரண்டு பக்கமும் ஆடியது. கொஞ்ச நேரம் கழித்துப் பேப்பரை இறக்கினார். "ராணுவச் சட்டம் உன்னைக் கட்டும். உன் மனைவியைக் கட்டாது. போய் வேலையைப் பார்."

வேதாசலம் நகரவில்லை. "சாகிப், இங்கே நான் நல்ல சோறு தின்றுகொண்டிருக்கும்போது அவள் அங்கே அதைத்தான் தின்றாள். அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லையே என்று இருக்கிறது."

"சொல்ல அவளுக்கு வாய் இருக்கிறதே," என்றார் கர்னல். "அந்த வாயை யாரும் மூடாமல் பார்த்துக்கொள்ளத்தானே நீயும் நானும் உடுப்புப் போட்டிருக்கிறோம்."

சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்த ஜமேதார் முதலில் தந்தி ஆபீசுக்குப் போனார்.

ஆதிகேசவன் கெட்டிக்காரர். ரஞ்சிதத்தை வெளியே விட்டுவைத்தால்தானே மேடை மேடையாக ஏறுவாள்? பெண்கள் சார்பில் என்று சொல்லி அவளையே உணவுக் கமிட்டியில் அங்கத்தினராகப் போட்டுவிட்டார். தீபாவளி லீவில் வேதாசலம் வந்து இறங்கியபோது, வாசலில் புகார் சொல்லப் பெண்கள் கூட்டம். யாரும் ஜமேதாரம்மா என்று கூப்பிடவில்லை. "மெம்பரம்மா" என்றார்கள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை.

"பாவா, இனிமே அக்காவ ஒரு வார்த்த சொல்ல முடியாது உங்களால," என்றான் தேசப்பன். "அக்கா இப்போ சர்க்கார். சொன்னா கோர்ட் மார்ஷல்."

"வூட்டுக்குள்ள சொல்லலாம்டா."

"உங்க தொண்டைக்கு வூடு எது, வெளி எதுங்க பாவா?"

வேதாசலம் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். ரஞ்சிதம் இலை போட்டுச் சோறு வைத்தாள். நாற்றம் போயிருந்தது. அரிசி பரவாயில்லை என்றே சொல்ல வேண்டும். இரண்டாவது கவளத்தில் கடக் என்று ஒரு சத்தம். அவர் மெல்வதை நிறுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. தேசப்பன் எதற்கும் இருக்கட்டும் என்று காதைப் பொத்திக்கொண்டான்.

ஜமேதார் வாயிலிருந்து அந்தக் கல்லை எடுத்தார். இலை ஓரத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, மெல்ல வைத்தார். ரசம் கேட்டார்.

ரஞ்சிதம் கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து அதை எடுத்து முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். மறுநாள் காலை கமிட்டிக் கூட்டம் இருந்தது.